பட்டியலில் யார் பெயர்?

பேரிடர் நிவாரணம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது லாரி, அரிசி மூட்டை, வரிசையில் நிற்கிற ஜனம். எனக்கு நினைவுக்கு வருவது பயனாளிகள் பட்டியல். முழுத்தாள் நாலைந்து, இடது ஓரத்தில் ஒரு பின், ஏகப்பட்ட அடித்தல் திருத்தல், கடைசித் தாளின் அடியில் ஊர்த் தேவாலயத்துப் பாதிரியாரான பங்குத்தந்தையின் கையெழுத்தும் ஊதா முத்திரையும். சுனாமிக்குப் பிறகு சில வருடம், ஓர் ஆயரின் கீழ் வரும் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றின் சமூக சேவைச் சங்கத்தில் அனிமேட்டராக வேலை பார்த்தேன். அந்த வேலைக்கும் கார்ட்டூனுக்கும் சம்பந்தமில்லை. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு, வீடு வீடாகக் கணக்கெடுத்து, வாசலில் நின்று திட்டு வாங்கும் உத்தியோகம் அது. பணம் போதவில்லை என்று அங்கே வந்த சண்டைகள் குறைவு. பெயர் விட்டுப்போயிற்று என்று வந்தவைதான் அதிகம்.

கிறிஸ்தவ நிவாரணப் பணியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று உருகுகிறார்கள், இல்லை மதமாற்றம் என்று வைகிறார்கள். இரு தரப்புமே இந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கொரு சந்தேகம். ஒரு குடும்பம் மறுபடி தலையெடுக்குமா, உறவினர் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்குமா என்பது பெரும்பாலும் அந்தத் தாளில் முடிவாகிவிடும். தாள் எழுதுகிறவர் யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார், யாரைத் தெரியாது என்பதுதான் விஷயம்.

குமரி மாவட்டக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை இருப்பவை பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். அங்கே பங்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சபையும், ஊரும் ஒன்று. ஊர்க் கமிட்டி கூடுவது கோவில் முற்றத்தில். கோவில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. பள்ளிக்கூடம் கோவிலுடையது, கல்லறைத் தோட்டம் கோவிலுடையது, வலைச் சண்டை முற்றினால் போய் நிற்பதும் சாமியாரிடம், அதாவது பங்குத்தந்தையிடம்தான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் ஏறியது இந்த ஊர்களுக்குள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065. குமரியில் சுமார் 800. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அலைக்கு முன்னால் ஓடிய பலரை ஊருக்குப் பின்னால் கிடந்த ஏ.வி.எம். கால்வாய் வாங்கிக்கொண்டது. திருவிதாங்கூர் காலத்தில் படகுப் போக்குவரத்துக்கென்று வெட்டிய கால்வாய். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போயிற்று.

ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் தண்ணீரோடு போன பிறகு, யார் யார் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்ல மிஞ்சியது பங்கு அலுவலகப் பதிவேடுதான். நனையாத இடத்தில் இருந்த பதிவேடு என்று சொல்ல வேண்டும். கெட்டி அட்டை போட்ட நீளமான புத்தகம். ஞானஸ்நானம், திருமணம், மரணம் என்று தனித்தனி. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன், ஞானப் பெற்றோர், ஓரத்தில் பின்னால் எழுதிச் சேர்த்த கல்யாண விவரம். மூன்று தலைமுறையை உட்கார்ந்த இடத்தில் படித்துவிடலாம். அரசு ஊழியர்களே பங்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதை நான் கண்டிருக்கிறேன். இதுபோக ஒவ்வொரு ஊரிலும் அன்பியங்கள் இருந்தன. முப்பது நாற்பது வீட்டுக்கு ஒன்று, வாரமோ மாதமோ கூடி ஜெபிக்கிற குழு. இந்த வீட்டில் கிழவிக்கு மாத்திரை வேண்டும், அந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்பதை அன்பியத் தலைவி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எந்த வெளிநாட்டு நிபுணரும் மூன்று வாரத்தில் எடுக்க முடியாத கணக்கு அது.

அதே புத்தகத்தில் இல்லாதவர்களும் இருந்தார்கள். கோவில் வரி கட்டாமல் விட்டவர், கமிட்டியோடு பகைத்துக்கொண்டவர், வேறு சபைக்குப் போனவர், கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருந்த கொத்தனார் குடும்பம். வாடகைக்காரருக்கு வீடு இடிந்தால் இழப்பு யாருக்கு? வீட்டுக்காரருக்கு என்றது ஊர். சட்டிபானை முதல் பிள்ளைகளின் புத்தகம் வரை போனது அந்தக் குடும்பத்துக்கு என்பது பட்டியலுக்குத் தெரியாது.

வீடு கட்டும் கட்டம் வந்ததும் இது முற்றியது. 2005 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. தொண்டு நிறுவனங்கள் முன்வந்து ஊர்களை எடுத்துக்கொண்டு நிரந்தர வீடு கட்டலாம். வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பீடு ஒன்றரை லட்சம் ரூபாய். கிராமத்தில் மூன்று சென்ட் நிலம், நகரத்தில் ஒன்றரை. பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும். நல்ல ஆணைதான். கூட்டுப் பெயர் என்ற அந்த ஒரு வரிக்காகவே அதை எழுதிய அதிகாரிக்கு நான் கும்பிடு போடுவேன். விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு அம்மா என் பேனாவையே பிடித்துக்கொண்டார். "எம்பேரு முதல்ல எழுது மக்ளே. அவரு பேரு கீழ கிடக்கட்டும். குடிச்சிட்டு வித்துப்போட்டாருன்னா நா எங்க போவேன்?" கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல், குடும்பம் என்றால் எது என்பதில். ஒரே கூரையின் கீழ் அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள். இது ஒரு குடும்பமா, மூன்றா? ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்று எங்கள் பக்கம் சில இடங்களில் முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான், அடுத்த கணக்கெடுப்புக்குள் தகரக் கொட்டகைகளில் புது அடுப்புகள் முளைத்துவிட்டன. மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே மீன்குழம்பை இரண்டு சட்டியில் கொதிக்க வைத்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும், என்னைக் கேட்டால் அதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. அந்த மகனுக்கு அடுத்த வருடமே தனி வீடு தேவைப்பட்டிருக்கும். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பை யார் விடுவார்கள்?

அலை ஏற்ற எல்லையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போனால்தான் புது வீடு என்ற நிபந்தனை இன்னொரு தலைவலி. மீனவனுக்கு வாசலிலிருந்து கடல் தெரிய வேண்டும். நீரோட்டமும் காற்றும் பார்த்துத்தான் அவன் வள்ளத்தைத் தள்ளுவான். சிலர் புது வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுக் கரையிலேயே குடிசை போட்டார்கள். அதுவரை இருந்த தற்காலிகக் குடியிருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தார் பூசிய அட்டைக் கூரை. மதியம் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. கைக்குழந்தைகளை வேப்பமர நிழலில் தொட்டில் கட்டிப் போட்டிருப்பார்கள்.

நாகப்பட்டினம் பக்கம் நிலைமையே வேறு. வேளாங்கண்ணி அங்கே இருந்தாலும் மீனவ ஊர்கள் பெரும்பாலும் பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்கள், இந்துக்கள். அங்கே ஊர்ப் பஞ்சாயத்துதான் எல்லாம். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை மாதிரி ஊர்களில் வெளியிலிருந்து வந்த எவரும் நேராக ஒரு வீட்டுக்குள் போய்ப் பொருள் கொடுக்க முடியாது. வந்ததைப் பஞ்சாயத்தாரிடம் இறக்க வேண்டும். அவர்கள் பொதுவில் வைத்துத் தலைக்கட்டு வாரியாகப் பிரிப்பார்கள். குமரியில் திருச்சபை வீட்டுக்காரன், நாகையில் விருந்தாளி. அந்த வித்தியாசம் எங்களுக்கு நல்லது செய்தது என்பேன். விருந்தாளி கேட்டுக் கேட்டுத்தான் நடக்க முடியும்.

கேட்காமல் நடந்ததற்கு உதாரணம் பழைய துணி. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்து இறங்கியது. கிழிந்த பேன்ட், பட்டன் இல்லாத கோட்டு, ஒற்றைச் செருப்பு. மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் மலையாகக் கிடந்து நனைந்து நாறியது. எங்கள் பங்குகளிலிருந்தும் அப்படி மூட்டைகள் போயின, மறைக்க என்ன இருக்கிறது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்ற உள்ளூர் அமைப்பும் சேர்ந்து நாகையில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கிய பிறகுதான், எந்த ஊருக்கு யார் என்ன செய்கிறார்கள் என்பது ஒரே பலகையில் தெரிய ஆரம்பித்தது. கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., ராமகிருஷ்ண மடம், இஸ்லாமிய அமைப்புகள், கட்சிக்காரர்கள், கம்பெனிக்காரர்கள் என்று எல்லோருக்கும் அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அப்படி ஒரு பலகைதான்.

பஞ்சாயத்துப் பட்டியலிலும் ஓட்டை உண்டு. தலைக்கட்டு என்றால் வரி கட்டுகிற ஆண். புருஷனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் அரைப்பங்கு, சில ஊர்களில் அண்ணனோ மாமனாரோ வாங்கிக் கொடுத்தால் உண்டு. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்த தலித் தெருக்கள் கணக்கிலேயே வரவில்லை. அங்கே செத்தவர்கள் குறைவு, படகு எவருக்கும் இல்லை, ஆகவே பாதிப்பில்லை என்று முடிவு. மீன் கூடை சுமந்தும் வயலில் நடவு நட்டும் பிழைத்தவர்களுக்கு, மீனும் இல்லாமல் வயலும் உப்பேறிப்போன பிறகு என்ன வேலை? இருளர் குடியிருப்புகள் இன்னும் மோசம். தலித் தெருவில் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்த கன்னியாஸ்திரிகளை நான் மறக்க மாட்டேன். நிவாரணம் கொடுக்கப் போகவில்லை, முதலில் எழுதப் போனார்கள். ஆள் பெயர், போன வேலை, கடைசியாகக் கூலி வாங்கிய நாள், அடகு வைத்த பொருள். அந்த நோட்டை வைத்துத்தான் பிறகு ஜிப்சம் போடுவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, வாய்க்கால் தூர் எடுப்பது என்று வேலைகளைக் கூலிக்கு விட்டார்கள். நிலமும் தேறியது, கூலியும் கிடைத்தது. இந்த வேலையை யாரும் போட்டோ எடுக்க வரவில்லை.

போட்டோவுக்கு வந்தது படகு. கண்ணாடியிழைப் படகு ஒன்றை மாலை போட்டுக் கடலில் இறக்கும் படத்துக்கு ஐரோப்பாவில் இருக்கும் எந்த நன்கொடையாளரும் மயங்குவார். நாலு பேருக்கு ஒரு படகு என்று குழுவாகக் கொடுத்தார்கள். அதுவரை கூலிக்குப் போனவன் முதலாளி ஆனான், சரி. ஆனால் கடலில் மீன் கூடவில்லையே. சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையில் நின்றன. கடலுக்குப் போக ஆள் கிடைக்காமல் சில படகுகள் மணலிலேயே வெடித்தன. படகு கேட்டவர் பட்டியல் எல்லோரிடமும் இருந்தது; ஏற்கெனவே வேறு நிறுவனத்திடம் வாங்கியவர் பட்டியலை யாரும் யாருக்கும் காட்டவில்லை. படகின் மூக்கில் பெயர் எழுதிக்கொள்ளும் போட்டியில் திருச்சபை அமைப்புகளும் சளைக்கவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல்லை வீட்டு வாசல்தோறும் பதித்ததும் நாங்கள்தான். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இதில் மேல். எங்கள் பங்கில் வாரம் தவறாமல் ஏழை வீடுகளுக்கு அரிசி கொண்டுபோவார்கள். யார் வீட்டுக்கு என்று பீடத்திலிருந்து வாசிக்க மாட்டார்கள்.

மதமாற்றப் பேச்சைத் தாண்டிப் போக முடியாது, பேசிவிடுகிறேன். சில சிறு சபைகள் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரம் வைத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். பிணம் தேடிக்கொண்டிருந்தவரிடம் போய் மனந்திரும்பச் சொல்வது எந்த ஊர் சுவிசேஷம்? இது கூடாது என்று திருச்சபைகளே எழுதி வைத்தும் இருக்கிறார்கள். 1994-இல் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நிவாரணப் பணிக்கான நடத்தை நெறிகளை வெளியிட்டபோது, அதை உருவாக்கியவர்களில் கத்தோலிக்க நிவாரண அமைப்பான அகில உலகக் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் மூன்றும் இருந்தன. தேவை ஒன்றே அளவுகோல், மதக் கருத்தைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பெரிய அமைப்புகள் நான் பார்த்தவரை இதைக் காப்பாற்றின. நாகையில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் எங்களிடம் சொன்னது இது: "போர்டு எத வேணா மாட்டிக்குங்க தம்பி. தளம் ஒழுகாமப் போட்டுக் குடுங்க." அவருக்கு எங்கள் வேதம் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சிமென்ட் கலவை பற்றி நிறைய இருந்தது. கலவையை அவரே நின்று பார்த்தார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நான் அந்த வேலையில் இல்லை. ஆனால் பட்டியலின் பலம் என்னவென்று ஒட்டுமொத்த நாடும் பார்த்தது அப்போதுதான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிப்பவை. புறப்படுவதும் கரையேறுவதும் பெரும்பாலும் கேரளத் துறைமுகங்களில். வருவாய்க் கணக்கில் தமிழ்நாடு, மறைமாவட்டக் கணக்கில் திருவனந்தபுரம். எனவே காணாமல் போனவர் எத்தனை என்று கேட்டால் இரண்டு மாநில அரசுகளிடமும் சரியான விடை இல்லை. பங்குத்தந்தையர் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். எந்தப் படகு, யார் யார் ஏறினார்கள், கடைசியாக வீட்டுக்கு எப்போது பேசினார்கள். அரசு சொன்ன எண்ணும் பங்குகள் சொன்ன எண்ணும் வெகுதூரம் விலகி நின்றன. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் கையில் கல் இல்லை, பெயர்கள் இருந்தன. பிறகு இரு அரசுகளும் தலைக்கு 20 லட்சம் ரூபாய் என்று அறிவித்தன. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற சட்ட வழக்கத்தைத் தளர்த்தி, காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். உடல் கிடைக்காத ஒரு மனைவிக்கு அந்தத் தளர்வு எவ்வளவு பெரிது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படகுகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களை எந்தப் பங்குப் புத்தகத்தில் தேடுவது? படகு உரிமையாளருக்கு அழைக்கிற பெயர் தெரியும், முழுப் பெயர் தெரியாது. ஊர் கேட்டால் மாநிலத்தைச் சொல்வார்.

அடுத்த வருடம் நவம்பர் 16-இல் கஜா புயல். அது வேறு மாதிரி அழிவு. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை சாய்ந்தது. விழுந்த மரத்துக்கு அரசு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து 1,100 ரூபாய் கொடுத்தது. கன்று வைத்துக் காய் காண ஐந்தாறு வருடமாவது ஆகும் என்பது ஒரு பக்கம். பணம் போனது பட்டாதாரருக்கு. இந்துக் கோயில் நிலத்தையும் பண்ணையார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து மரம் வளர்த்தவருக்கு எத்தனை பேரிடம் காகிதம் இருந்தது? மறுபடியும் அதே தாள், அதே ஓட்டை.

இப்போது பணம் வரும் வழியும் மாறிவிட்டது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருந்தது 20 ஆனது. டெல்லியில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி மறைமாவட்டச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற பழைய ஏற்பாடு இதோடு முடிந்தது. 2024-இல் காசா (பிரிவினை அகதிகளுக்காக 1947-லேயே தொடங்கப்பட்ட திருச்சபைகளின் சேவை அமைப்பு), வேர்ல்டு விஷன் இந்தியா போன்ற அமைப்புகளின் வெளிநாட்டு நன்கொடை உரிமமே ரத்தானது. கணக்கு கேட்பது அரசின் வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்கள் பக்கத்திலும் கணக்கைக் காட்டக் கூசியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஊரில் இருக்கும் சின்னச் சங்கத்துக்குப் பணம் போகும் குழாயை அடைத்துவிட்டு, ஊரைத் தெரியாத பெரிய அமைப்பு நேராக வந்து செய்யட்டும் என்றால், மறுபடி ஒற்றைச் செருப்புதான் வந்து இறங்கும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை முழுக்க முங்கியபோது, வெளிநாட்டுப் பணத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. பங்கு மண்டபம், பள்ளிவாசல், கல்யாண மண்டபம் எது மேட்டில் இருந்ததோ அங்கே உலை வைத்தார்கள். நாங்கள் சிலர் குமரியிலிருந்து ஒரு வேனில் போனோம். போன இடத்தில் ஓர் இளம் சாமியார் செய்திருந்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலைக் கையால் எழுதிக் கோவில் வெளிச்சுவரில் ஒட்டியிருந்தார், பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு பேனா. விட்டுப்போனவர் தானே எழுதலாம், இரட்டைப் பெயரை யாரும் சுழிக்கலாம். எல்லோர் பார்வையிலும் நடப்பதால் பொய் எழுதக் கூச்சம் வரும் என்றார். காலையில் பார்த்தபோது வாடகைக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். யாரோ ஒருவர் பஞ்சாயத்து உறுப்பினர் பெயரை மட்டும் அழுத்தமாகச் சுழித்திருந்தார்.

ஊர் திரும்பியதும் எங்கள் பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். மழைக்காலத்துக்கு முன்பே குடும்பப் பதிவேட்டைச் சரிபார்க்கலாம், வாடகைக் குடும்பங்களையும் வேற்றுச் சபையாரையும் இந்து, முஸ்லிம் வீடுகளையும் சேர்த்து மொத்தத் தெருவையும் எழுதலாம் என்று. பெண்கள் உடனே சரி என்றார்கள்; அவர்களுக்கு ஏற்கெனவே பாதி மனப்பாடம். கோவில் புத்தகத்தில் கோவிலைச் சேராதவர் எதற்கு என்று இரண்டு பெரியவர்கள் எழுந்தார்கள். தனி நோட்டு போடலாம் என்று சாமியார் ஒரு வழி சொல்ல, வாடகை வீடுகள் வரை ஒத்துக்கொண்டார்கள். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடநாட்டுப் பையன்களின் பெயரையும் முகவரியையும் யார் போய் எழுதுவது, எந்த மொழியில் கேட்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. முதலில் மேஸ்திரியைப் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.